நோய்ச்சுமையை மூன்று பெட்டியில் போட்டுவிட்டு மாவட்டத் திட்டம் எழுத முடியுமா?

மணல்கடிகை:

வணக்கம் நண்பர்களே. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மாவட்டத்துக்கு ஐந்தாண்டுச் சுகாதாரத் திட்டம் எழுதும் குழுவில் இருக்கிறேன். நாட்டின் பெயரைச் சொல்லவில்லை, கூட வேலை செய்பவர்களுக்குச் சங்கடம் வேண்டாம். உலக வங்கிப் பட்டியலில் குறைந்த வருமான நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

'நோய்ச்சுமை' அத்தியாயம் என் பொறுப்பு. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மூன்று பிரிவு. முதல் பிரிவில் தொற்றுநோய்கள், பேறுகாலச் சிக்கல்கள், பச்சிளங்குழந்தை நோய்கள், சத்துக்குறைவு. இரண்டாவதில் தொற்றா நோய்கள். மூன்றாவதில் விபத்து, தற்கொலை, தீக்காயம், பாம்புக்கடி எல்லாம். வட்டப்படம் வரைந்து மூன்று வண்ணம் கொடுத்தேன்.

அடுத்த அத்தியாயம் செலவு. அங்கே வரும் வரிகளே வேறு. எத்தனை செவிலியர், எந்தச் சுகாதார நிலையத்தில் இரவுப்பணி, தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு மின்சாரம், ஆம்புலன்ஸுக்கு டீசல், ஆக்சிஜன், ரத்தம். இரண்டு அத்தியாயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போன வாரக் கூட்டத்தில் மாவட்ட அதிகாரி என் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இதை வைத்து நான் எந்தச் செலவைக் கூட்டுவது, எதைக் குறைப்பது?" என்று கேட்டார். முதல் பிரிவுதான் பெரியது என்றேன். அது எனக்கும் தெரியுமே என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், அதனால்தான் அந்தக் கேள்வி என் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நோய்களை எப்படிப் பிரித்தால் அந்தப் பிரிவு பணத்தைப் பிரிக்கவும் உதவும்? மூன்று பெட்டியை விட்டுவிடலாமா? ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணுவதா, வீட்டிலேயே இறந்துபோகிறவர்களை என்ன செய்வது? இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

கேள்விக்குறி:

நான் இந்தத் துறை இல்லை, ஆர்வத்தில் படிக்கிறேன். 'சுமை' என்று எதை வைத்து அளக்கிறீர்கள்? சாவு எண்ணிக்கையா? கண் போனவரும் உயிர் போனவரும் ஒரே கணக்கில் எப்படி வருவார்கள்?

எண்தோழன்:

கேள்விக்குறி கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மணல்கடிகைக்கும் அது உதவும்.

டேலி என்று ஒரு அளவு. இரண்டு துண்டுகளைக் கூட்டி வருவது. ஒருவர் அகாலத்தில் இறந்துபோனால் அவர் வாழ்ந்திருக்க வேண்டிய மிச்ச ஆண்டுகள் எத்தனை என்பது ஒரு துண்டு. உயிரோடு இருந்து நோயோடு கழித்த ஆண்டுகள் இன்னொன்று, அதை நோயின் கடுமைக்குத் தகுந்த ஓர் எடையால் பெருக்குவார்கள். 0 என்றால் முழு ஆரோக்கியம், 1 என்றால் சாவுக்குச் சமம். இந்த எடை எங்கிருந்து வருகிறது என்பதைத் திட்டம் எழுதுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பார்வை முற்றிலும் போனதற்கு 1990ஆம் ஆண்டுக்கான முதல் உலகக் கணக்கில் 0.6 கொடுத்தார்கள். 2010க்கான கணக்கில் அதே பார்வையிழப்புக்கு 0.195. நோய் அதேதான், கேட்ட கேள்வியும் பதில் சொன்ன ஆட்களும்தான் மாறினார்கள். முதலில் மருத்துவத் துறையினர் ஒரு சிறு குழுவாக உட்கார்ந்து முடிவு செய்தார்கள். பிறகு வங்கதேசம், இந்தோனேசியா, பெரு, தான்சானியா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள், அமெரிக்காவில் தொலைபேசியில் கேட்டார்கள், இணையத்திலும் கேட்டார்கள். வயதுக் கணக்கும் அப்படித்தான். முதல் கணக்கில் எதிர்கால ஆண்டுகளுக்கு 3 சதவீதத் தள்ளுபடி உண்டு, அதாவது தள்ளிப் போகப் போக ஓர் ஆண்டின் மதிப்பு குறையும், இளவயது ஆண்டுகளுக்குக் கூடுதல் மதிப்பும் உண்டு. அதன்படி பிறந்த உடனே இறக்கும் ஒரு குழந்தைக்குச் சுமார் 33 ஆண்டு இழப்பு. 2010க்கான கணக்கில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள், அதே சாவு 86 ஆண்டு ஆனது. குழந்தைச் சாவு அதிகமுள்ள நாட்டின் வட்டப்படத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று போட்டுப் பாருங்கள்.

மணல்கடிகை, இத்தனையும் சொன்ன பிறகும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், காரணப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இது ஏன் வந்தது என்று பாருங்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு நோய்த் திட்டமும் தன் நோயால் இத்தனை குழந்தைகள் சாகிறார்கள் என்று தனித்தனியாக எண் சொல்லும். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் இறந்த குழந்தைகளைவிட அதிகமாக வரும். கிறிஸ்டோபர் மரேயும் ஆலன் லோபஸும் உலக வங்கிக்காகச் செய்த கணக்கு, 1993 உலக வளர்ச்சி அறிக்கையில் வந்தது, அதன் உயிர்நாடியே ஒரு சாவுக்கு ஒரு காரணம்தான், ஒருமுறைதான் எண்ணுவது என்ற விதி. அந்த விதி இல்லாவிட்டால் உரக்கப் பேசுகிற திட்டத்துக்குத்தான் பணம் போகும்.

பலர் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. இதற்கு முன்பே, 1981இல், கானாவின் சுகாதார மதிப்பீட்டுக் குழு ஒன்று 'இழந்த ஆரோக்கிய நாட்கள்' என்று ஒரு கணக்கு முறையை வெளியிட்டது. எந்த நோய்க்கு முதலில் பணம் போடுவது என்று ஓர் ஏழை நாடு முடிவு செய்ய வேண்டியிருந்த தேவையிலிருந்து வந்த யோசனை அது. இப்போது இந்தக் கணக்கைப் போடும் நிறுவனங்கள் இருக்கும் சியாட்டலிலும் ஜெனீவாவிலும் மட்டும் பிறந்த சரக்கு இல்லை இது.

வலசைப்பறவை:

நான் செவிலியர். மூன்று நாடுகளில் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்திருக்கிறேன். எண்தோழன் சொன்ன ஒருமுறை எண்ணும் விதி சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் என்ன செய்கிறது என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. படுத்தால் மூச்சு முட்டும், அதனால் இரவு முழுக்கக் கட்டிலில் முன்னால் சாய்ந்து, அம்மாவின் தோளில் தலையை வைத்துத் தூங்குவாள். கால் வீங்கியிருக்கும், விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். ருமாட்டிக் இதயநோய். சிறு வயதில் தொண்டையில் வந்த ஒரு தொற்று, அதைத் தொடர்ந்து மூட்டுக் காய்ச்சல், அது திரும்பத் திரும்ப வந்து இதய வால்வு கெட்டுப்போயிற்று. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டிருந்தால் வால்வை இந்த அளவுக்குக் கெடாமல் காப்பாற்றியிருக்கலாம். விலை அதிகமில்லாத பழைய மருந்து. அந்த ஊசி ஏன் எங்கள் ஒதுக்கீட்டில் இல்லை என்று கேட்டபோது வந்த பதில், "இது தொற்றா நோய்ப் பிரிவு, இந்த ஐந்தாண்டில் முன்னுரிமை தொற்றுநோய்க்கு." தொண்டைத் தொற்றில் தொடங்கி, நெரிசலான வீட்டில் பரவி, ஏழைக் குழந்தைகளையே தேடி வரும் நோய் அது. அதைப் போட்ட பெட்டியில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் புகையிலையும் இருந்தன. 'தொற்றா நோய்' என்றதும் திட்டம் போடுகிறவர்களின் கண்முன் நிற்பவர் வசதியான நடுத்தர வயதுக்காரர். இந்தப் பெண் அல்ல.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் இரண்டாம் பெட்டி, ஆனால் அதைக் கொண்டுவருவது ஒரு வைரஸ், தடுப்பூசி இருக்கிறது. கல்லீரல் புற்றுநோயில் பெரும்பங்கு ஹெபடைட்டிஸ் பி. சிக்கிள் செல் ரத்தசோகையும் இரண்டாம் பெட்டிதான், அந்தக் குழந்தைகளில் பலர் ஐந்து வயதுக்குள் காய்ச்சலிலும் கிருமித்தொற்றிலும் போய்விடுகிறார்கள், அவர்களுக்கு வேண்டியதும் பென்சிலின்தான், தடுப்பூசிதான்.

ஒரு நோயாளிக்கு எச்ஐவி இருந்து காசநோயில் இறந்தால் அந்தச் சாவு எச்ஐவி கணக்கில்தான் போகும், நோய்களின் சர்வதேச வகைப்பாட்டு விதி அப்படி. புள்ளிவிவரத்துக்கு அது நியாயம். எங்கள் வார்டில் அவரைப் பார்த்துக்கொண்டது டிபி செவிலியர், சளிப் பரிசோதனை, ஆறு மாத மாத்திரை. அந்தச் சாவை எச்ஐவிக்கு மட்டும் எழுதிவிட்டால் டிபி ஆய்வகத்துக்கு யார் பணம் கேட்பது?

அப்புறம் ஆக்சிஜன். நிமோனியா வந்த குழந்தை, பிறந்ததும் அழாத குழந்தை, ரத்தப்போக்கில் மயங்கிய தாய், நெஞ்சு நசுங்கிய லாரி ஓட்டுநர், அந்தப் பதினான்கு வயதுப் பெண். மூன்று பெட்டியும் ஒரே சிலிண்டருக்கு வரிசையில் நிற்கும். எந்த நோயின் வரியிலும் ஆக்சிஜன் இல்லாததால் எந்தத் திட்டமும் அதை வாங்கித் தராது. இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை.

கேள்விக்குறி:

அக்கா, அந்தப் பெண் என்ன ஆனாள்?

வலசைப்பறவை:

வால்வு அறுவை சிகிச்சைக்கு வெளிநாடுதான் போக வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் இறந்துவிட்டாள்.

அதே நோய்க்கு வேறு மாதிரி ஏற்பாடு செய்த இடமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ருவாண்டாவில் கிராமப்புற மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இதயநோய், இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை, நாள்பட்ட மூச்சுக்கோளாறு எல்லாவற்றையும் ஒரே மருத்துவப் பிரிவில் சேர்த்து, பயிற்சி பெற்ற செவிலியர்களே நடத்தினார்கள். நோய்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் தேவையான திறமை ஒரே மட்டம், மருந்து அளவை அடிக்கடி மாற்ற வேண்டும், மாதாமாதம் அதே ஆளைப் பார்க்க வேண்டும். அதை வைத்துப் பிரித்தார்கள். அந்த வழியில் வந்த 'பென் பிளஸ்' திட்டத்தை உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்க நாடுகள் 2022 ஆகஸ்டில் ஏற்றுக்கொண்டன.

குறியீட்டாளன்:

வீட்டில் இறந்துபோகிறவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு நான் வருகிறேன். பல ஆண்டுகளாக, இறந்தவரின் வீட்டாரிடம் கேட்டு நிரப்பும் வாய்மொழிப் பிரேதப் பரிசோதனைப் படிவங்களைப் படித்துக் காரணம் எழுதும் மருத்துவன் நான். ஆப்பிரிக்காவில் நடக்கும் சாவுகளில் பத்தில் ஒன்றுதான் பதிவாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. மிச்ச ஒன்பதில் கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்றால் வீட்டுக்குப் போய்க் கேட்பதைத் தவிர இப்போதைக்கு வழியில்லை.

பயிற்சிக்காக ஒருமுறை கேள்வி கேட்பவரோடு நானும் போனேன். துக்கம் முடிந்து சில வாரங்கள் விட்டுத்தான் போக வேண்டும், ரொம்பவும் தள்ளிப்போட்டால் மறந்துபோகும். ஒரு பாட்டி, இரண்டு வயதுப் பேரன் இறந்திருந்தான். காய்ச்சல் எத்தனை நாள்? நான்கு. வலிப்பு வந்ததா? இல்லை. மூச்சு வேகமாக இருந்ததா? கேள்வி கேட்டவர் முடிப்பதற்குள் பாட்டி தன் ரவிக்கைக்குக் கீழே விலாவில் கையை வைத்து, உள்ளே இழுத்து இழுத்துக் காட்டினார். வாயால் எதுவும் சொல்லவில்லை. கைபேசிப் படிவத்தில் 'ஆம்' என்று ஒரு தொடுதல், அவ்வளவுதான் அதில் ஏறியது. கால் வீங்கியிருந்ததா? ஆமாம், முகமும். எப்போதிலிருந்து சாப்பிடவில்லை? தங்கை பிறந்ததிலிருந்தே அவன் சரியில்லை என்றார்.

இந்த வேலையில் ஒரு படிவத்தை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படிப்போம், ஒத்துவராவிட்டால் மூன்றாமவர். நான் நிமோனியா என்று எழுதினேன். இன்னொருவர் மலேரியா. மூன்றாமவர் கடும் சத்துக்குறைவு என்று முடித்தார். மூன்றும் தவறில்லை. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 45 சதவீதச் சாவுகளுக்குப் பின்னால் சத்துக்குறைவு இருக்கிறது என்பது 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு, ஆனால் ஒரு சாவு ஒரு காரணம் என்ற விதியில் அதில் பெரும்பகுதி நிமோனியா, வயிற்றுப்போக்கு, மலேரியா என்றுதான் எழுதப்படும்.

மணல்கடிகை, இதில் உங்கள் கேள்விக்கு என்ன இருக்கிறது என்றால், மூன்று பெட்டிக் கணக்கில் நாங்கள் மூன்று பேரும் அடித்துக்கொண்டது தெரியவே தெரியாது, மூன்றும் முதல் பெட்டி. நோய்வாரியாகப் போனால் ஒரே குழந்தை மூன்று வேறு வரவுசெலவுத் திட்டத்துக்குப் போகலாம். ஆனால் அந்தக் குழந்தை உயிரோடு ஒரு சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தால்? ஒரே ஊழியர், ஒரே உட்காரலில், மூச்சை எண்ணி, மலேரியாச் சோதனை செய்து, கைச்சுற்றளவு நாடாவைப் போட்டுப் பார்த்து, மூன்றையும் கவனித்திருப்பார். ஒருங்கிணைந்த குழந்தைநோய்ப் பராமரிப்பு என்று அதற்கு ஏற்கனவே பெயர் இருக்கிறது. அந்த மட்டத்தில் வகைப்படுத்தினால் எங்கள் மூன்று பேர் சண்டையால் திட்டம் கெடாது. இப்படி ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும் சேவைகளைத்தான் தொகுப்பு என்கிறேன். காரணத்தில் பிழை இருந்தாலும் தொகுப்பில் பிழை குறையும். தரவு மோசமாக இருக்கும் நாட்டில் இது பெரிய லாபம் என்று நான் நினைக்கிறேன்.

பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்கு இன்னொன்று. இந்தியாவில் 2005இல், அப்போது அது குறைந்த வருமான நாட்டுப் பட்டியலில்தான் இருந்தது, ஆஸ்பத்திரிக் கணக்கில் பாம்புக்கடிச் சாவு ஆண்டுக்கு ஒன்றிரண்டு ஆயிரம்தான். பிரபாத் ஜா குழுவினரின் பத்து லட்சம் சாவுகள் ஆய்வு வீடு வீடாகக் கேட்டபோது வந்த மதிப்பீடு சுமார் 46,000. கடிபட்டு இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே இல்லை. 2017இல் பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த மாதிரி எண்கள் வேண்டியிருந்தன.

பதிவேட்டில் இருப்பதும் முழுக்க நம்பத்தக்கது இல்லை. 'இதயம் நின்றது', 'முதுமை', 'ரத்தத்தில் கிருமி' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள், குப்பைக் குறியீடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதேபோல 2010க்கு முன்னால் காய்ச்சல் என்று வந்தாலே பல இடங்களில் மலேரியா என்று எழுதி மருந்து கொடுத்தார்கள். சோதனை செய்துவிட்டுத்தான் மருந்து என்று அந்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சோதனைப் பட்டை வந்த பிறகு பதிவேட்டில் மலேரியா குறைந்திருந்தால் அதில் எவ்வளவு கொசுவலையால், எவ்வளவு எழுதும் முறையால் என்று பிரித்துப் பார்க்காமல் வரைபடம் போடாதீர்கள்.

எண்தோழன்:

குறியீட்டாளன் சொன்ன 'தொகுப்பில் பிழை குறையும்' என்பதை நான் இப்படி யோசித்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன். இதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது, எனக்குத் தெரிந்திருந்தும் முதல் பதிவில் எழுதாமல் விட்டேன்.

தான்சானியாவில் 1990களின் பிற்பாதியில் மொரோகோரோ, ரூஃபிஜி என்ற இரண்டு மாவட்டங்களில், கனடாவின் ஐடிஆர்சி என்ற ஆராய்ச்சி உதவி அமைப்பின் துணையோடு ஒரு திட்டம் நடந்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்கும் குழுக்களிடமிருந்து வந்த சாவுத் தரவை எடுத்து, அதை நோய்ப் பெயரில் வைக்காமல், எந்தச் சேவைத் தொகுப்பால் எட்டிப்பிடிக்கக்கூடிய இழப்பு என்று மாற்றி அடுக்கினார்கள். ஒருங்கிணைந்த குழந்தைநோய்ப் பராமரிப்பால் எவ்வளவு, பாதுகாப்பான பேறுகாலத்தால் எவ்வளவு, தடுப்பூசியால் எவ்வளவு, டிபி சிகிச்சையால் எவ்வளவு. பக்கத்திலேயே இன்னொரு பட்டை, அதே தொகுப்புக்கு மாவட்டம் செலவிடும் பணம். இரண்டு பட்டையையும் ஒரே பக்கத்தில் பார்த்தவுடன் மாவட்ட ஆட்களுக்கே புரிந்துவிட்டது. மொரோகோரோவில் 1996இல் இழந்த ஆயுள் ஆண்டுகளில் 30 சதவீதம் மலேரியாவால், சுகாதாரப் பணத்தில் அதற்குப் போனது 5 சதவீதம். கூடுதலாகக் கிடைத்த பணத்தில் அவர்களால் செலவழிக்க முடிந்தது ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஒதுக்கீட்டை மாற்றி, பயிற்சியும் மேற்பார்வையும் சேர்த்த பிறகு அடுத்த ஐந்து ஆண்டில் அந்த மாவட்டங்களில் குழந்தைச் சாவு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எல்லாமே அந்தப் படத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன், கொசுவலை விற்பனை உட்பட வேறு முயற்சிகளும் அதே காலத்தில் நடந்தன. ஆனால் உங்கள் மாவட்ட அதிகாரி கேட்ட கேள்விக்கு அந்த இரண்டு பட்டைதான் பதில்.

கவனியுங்கள், அடியில் இருந்தது ஒரு சாவு ஒரு காரணம் என்ற கணக்குதான். அதை எடுத்துவிட்டு நேராகத் தொகுப்புக்குப் போயிருந்தால் ஒரே குழந்தையை மூன்று தொகுப்பும் உரிமை கொண்டாடும். முதலில் எண்ணுங்கள், பிறகு மாற்றி அடுக்குங்கள்.

மலைத்தேன்:

நல்ல இழை, ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் சீக்கிரம் ஒத்துப்போகிறீர்கள் என்று தோன்றுகிறது. 'எட்டிப்பிடிக்கக்கூடிய இழப்பு' என்று வகைப்படுத்தினால் கையில் தொகுப்பு இல்லாத நோய் பக்கத்திலிருந்தே காணாமல் போகும். மனநோய்க்கு மாவட்டத்தில் ஆளே இல்லை, மருந்தும் இல்லை, ஆகவே எட்டிப்பிடிக்க முடியாது, ஆகவே வரியே இல்லை. அடுத்த ஐந்தாண்டிலும் ஆள் வர மாட்டார். வலசைப்பறவை அக்கா சொன்ன பெண்ணுக்கும் இதே கதிதான் ஆகியிருக்கும், பென்சிலின் தொகுப்பை யாரும் எழுதி வைக்காத ஊரில். இருக்கும் சேவையை வைத்து சுமையை வரையறுப்பது ஆபத்து. நன்கொடை நாடுகள் எதற்குப் பணம் தருகின்றனவோ அதற்கெல்லாம் தயார்த் தொகுப்பு இருக்கும், மற்றதற்கு இருக்காது, அதையும் மறக்க வேண்டாம்.

வலசைப்பறவை:

மலைத்தேன் சொல்வது நியாயம், எனக்குச் சுருக்கென்று பட்டது. அதனால் 'இப்போது தொகுப்பு இல்லை' என்றே ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும், எத்தனை ஆண்டு இழப்பு என்ற எண்ணோடு. வெற்றாக விடக்கூடாது.

தொகுப்புகளை நீங்களே உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். நோய்க் கட்டுப்பாட்டு முன்னுரிமைகள் என்ற பெருந்தொகுதியின் மூன்றாம் பதிப்பில் 21 தொகுப்புகள், 218 சேவைகள், அதில் குறைந்த வருமான நாடுகளுக்கு முதலில் வேண்டியவை என்று 108 பிரித்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது இடவாரிப் பிரிப்பு. மக்கள் முழுமைக்குமான நடவடிக்கை, ஊருக்குள் செய்வது, சுகாதார நிலையம், முதல்நிலை ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரி. அவசரமா, தொடர்ந்து பார்க்க வேண்டியதா, தள்ளிவைக்கலாமா என்றும் ஒரு கோடு உண்டு. மாவட்ட அதிகாரிக்கு இதுதான் மொழி. எத்தியோப்பியா 2019இல் தன் பட்டியலை எழுதியபோது ஆயிரத்துக்கு மேல் சேவைகள் வந்தன, அவ்வளவையும் ஒரு ஏழை நாடு எப்படிக் கொடுக்கும் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கு நாற்பது ஐம்பது வரி போதும்.

அறுவை சிகிச்சையை மறந்துவிடாதீர்கள். அது எந்தப் பெட்டியிலும் நோயாக வராது. தடைப்பட்ட பிரசவம் முதல் பெட்டி, குடலிறக்கம் இரண்டாவது, எலும்பு வெளியே தெரியும் முறிவு மூன்றாவது. மூன்றுக்கும் அதே மேசை, அதே மயக்க மருந்து, அதே ரத்தம். 2015இல் வந்த லான்செட் அறுவை சிகிச்சை ஆணையம் சிசேரியன், வயிறு திறக்கும் அறுவை, திறந்த எலும்பு முறிவு, இந்த மூன்றையும் ஓர் ஆஸ்பத்திரி செய்ய முடிகிறதா என்று பார்த்தாலே மற்றதையும் செய்யும் திறன் இருக்கிறதா என்று தெரியும் என்றது. அதை ஒரு வரியாகப் போடுங்கள்.

மணல்கடிகை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து ஒரு வரைவு போட்டேன். இடது ஓரத்தில் காரணம், ஒரு சாவு ஒருமுறை. நடுவில் யார், எங்கே, எதைக் கொண்டு தடுக்க முடியும். வலது ஓரத்தில் இப்போது அதற்குப் போகும் பணம். ஆக்சிஜனுக்கும் ரத்தத்துக்கும் அறுவைக்கும் தனி வரிகள், அதில் சாவுகளைத் திரும்ப எண்ணவில்லை, எந்தெந்தக் காரணங்கள் அவற்றை நம்பியிருக்கின்றன என்று மட்டும் குறித்தேன். கடைசியில் மலைத்தேனின் வரி: தொகுப்பு இல்லாதவை. வலிப்பு, மனநோய், ருமாட்டிக் இதயநோய் மூன்றும் இப்போதைக்கு அங்கேதான். அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் முன்பு அவை எங்கேயுமே இல்லை.

மாவட்ட அதிகாரியிடம் காட்டினேன். நடுப் பத்தியில் விரலை வைத்துக் கீழே வரை போனார். குழந்தைநோய்ப் பராமரிப்பு வரியில் நின்று, "இந்த ஊழியர்களுக்குக் கடைசியாக எப்போது பயிற்சி கொடுத்தோம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள், நான் வாயே திறக்கவில்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். பிரசவ அறைப் பதிவேட்டில் இறந்தே பிறந்த குழந்தைகள் நிறைய. இவர்களை டேலியில் எங்கே சேர்ப்பது? தேடிப் பார்த்தேன், இடமே கிடைக்கவில்லை.

குறியீட்டாளன்:

கிடைக்காது. உலக நோய்ச்சுமைக் கணக்கின் டேலியில் அவர்கள் இல்லை. பிறந்து ஒரு நிமிடம் மூச்சு விட்டு இறந்தால் முழு ஆயுளும் இழப்பாக ஏறும், அதே குழந்தை அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வயிற்றுக்குள் இறந்தால் பூஜ்யம். உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 19 லட்சம் இப்படி. அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போது நிகழ்பவை, அதாவது யாராவது குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தால், சிசேரியனுக்கு நேரத்தில் போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள்.

டேலியாக மாற்ற முயல வேண்டாம், எத்தனை ஆண்டு என்று சண்டை வரும், வரியே போய்விடும். ஆட்களாக எண்ணிப் போடுங்கள். பாதுகாப்பான பேறுகாலத் தொகுப்புக்குப் பக்கத்திலேயே, தாய்ச் சாவு, பச்சிளங்குழந்தைச் சாவு, இறந்து பிறந்தது என்று மூன்றையும் அடுத்தடுத்து. பதிவேட்டில் தோல் உரிந்திருந்ததா இல்லையா என்று எழுதியிருப்பார்களா என்று பாருங்கள். உரியாமல் இருந்தால் பெரும்பாலும் பிரசவத்தின்போது இறந்தது. அதைத் தனியாக எண்ணுங்கள், இரவுப்பணிக்கு ஆள் கேட்க அந்த எண் வேண்டும்.

மணல்கடிகை:

எழுதியிருக்கிறார்கள், எல்லாப் பக்கத்திலும் இல்லை, ஆனால் ஒரு செவிலியர் மட்டும் தன் பணிநாட்களில் ஒவ்வொரு வரியிலும் எழுதியிருக்கிறார், நேரத்தோடு. அவருடைய பக்கங்களை முதலில் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொன்று, அதில் எட்டு இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் இடையில்.